முழு நெஞ்சும் சர்வாங்கமும்: இரட்சணிய யாத்திரிகத்தில் வழிபாட்டு நிலை

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. பாராட்டாக எழுந்த அப்பெயர் நாளடைவில் ஆராய்ச்சிக்கு ஒரு தடையாகவும் நின்றுவிட்டது. இரட்சணிய யாத்திரிகத்தை ஆராயப் புகுவார் பலர், கம்பனுடைய சொல்லாட்சி எவ்வெவ்விடத்துப் பயில்கின்றது, சந்தம் எங்கெங்கு ஒத்துள்ளது, உவமைகளுள் எவை காப்பிய வழக்கில் வந்தவை என்று ஒப்புமைப் பட்டியல் வகுத்து, அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். அப்பட்டியலும் வேண்டுவதே. ஆயினும் அந்நூல் எதனைப் பாடுதற்கு எழுந்ததோ அதனை வினவுவார் அருகியே காணப்படுகின்றனர். மனிதன் தன்னைக் கடவுளுக்கு முழுதும் கொடுத்தல் என்றால் என்ன? கொடுத்தபின் அவன்பால் எஞ்சுவது யாதேனும் உண்டா? காப்பியத்தின் உயிர்நிலையாகிய வினா இது. இதற்குப் புலவர் கூறும் விடை, அவர் தழுவிய ஆங்கில மூலத்தின் விடையினின்றும் வேறுபடுகின்றது என்பதும், அவ்வேறுபாடு தமிழ் மரபால் விளைந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் சொற்களை நோக்குவோம். கடவுளை முழுமையாக அன்பு செய்க என்னும் கட்டளை விவிலியத்தில் உபாகம நூலின் ஆறாம் அதிகாரத்தில் வருகின்றது. அங்கே மூன்று சொற்கள் அடுக்கி வந்துள்ளன. எபிரேயத்தில் முதலாவது ‘லேவாவ்’, இரண்டாவது ‘நெஃபெஷ்’, மூன்றாவது ‘மெஓத்’. இவற்றைத் தமிழ் விவிலியம் முறையே இருதயம், ஆத்துமா, பலம் எனப் பெயர்க்கும். மூன்றாம் சொல் விந்தையானது. அது பெரும்பாலும் ‘மிக’ என்னும் பொருளில் வரும் இடைச்சொல் போன்றது. பெயராய் நின்று மனிதனுக்குரிய ஒன்றைச் சுட்டுதல் இவ்விடத்தும், யோசியா மன்னனைப் புகழும் அரசர் இரண்டாம் நூலின் இருபத்துமூன்றாம் அதிகாரத்திலுமே காணப்படும். ‘உன் மிகுதி எல்லாவற்றாலும்’ என்று அதனை விரித்துரைக்கலாம். உள்ளமும் உயிரும் கொடுத்தபின்னும் எது மிகுமோ அதனையும் கொடு என்பது அச்சொல்லின் குறிப்பாகும். மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசு இக்கட்டளையை எடுத்துரைக்குங்கால் சொற்கள் நான்காகின்றன. அறிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று இடையில் வந்து சேர்ந்துள்ளது.

இச்சேர்க்கைக்குக் காரணம் உண்டு. எபிரேயர்க்கு இருதயம் உணர்ச்சிக்கு மட்டும் இடமன்று; எண்ணுவதும் துணிவதும் அதன் தொழிலே. கிரேக்க மொழியில் சொல்லுங்கால் அப்பொருள் சுருங்கிவிடும் என்று கருதியே போலும், அறிவு தனித்து எண்ணப்பட்டது. ஈண்டுத் தமிழ் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ‘நெஞ்சு’ என்னும் தமிழ்ச் சொல் அவ்வெபிரேயச் சொல்லுக்கு மிக அணித்தானது. அகப்பாட்டில் தலைவி நெஞ்சொடு கிளக்கின்றாள். அந்நெஞ்சு காதலால் உருகுவது; அதுவே சூழ்ந்து எண்ணுவது; தலைவனோடு சென்றுவிடுவது; சிலபோது அவளொடு மாறுபடுவது. பக்திப் பாடலிலும் அடியவர் நெஞ்சை விளித்து இடித்துரைப்பர். உணர்வும் அறிவும் பிரியாத ஓர் இடத்தை இச்சொல் சுட்டுகின்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட காலந்தொட்டு மொழிபெயர்ப்பாளர் வடசொற்களையே மிகுதியாக ஆண்டனர். இருதயம் என்னும் சொல் நிலைத்துவிட்டது. அதனைக் குறைகூறல் நம் கருத்தன்று. நெஞ்சு என்னும் சொல்லின் மரபுச் செல்வம் உரைநடை விவிலியத்தில் புகாது வெளியே நின்றது என்பதே கூறவேண்டுவது. அச்செல்வத்தைச் செய்யுள் வழியாக உள்ளே கொணர்ந்தவர்களுள் தலையாயவர் கிருஷ்ணபிள்ளை.

வடசொல் எல்லாவிடத்தும் இழப்பையே தந்தது என்றும் கொள்ளற்க. லேவியராகமத்தின் முதல் அதிகாரம் கூறும் பலிகளுள் ஒன்று, தோல் நீங்க ஏனைய யாவும் நெருப்பில் இடப்படுவது. உண்பதற்கு எவர்க்கும் அதில் பங்கில்லை. தமிழ் விவிலியம் அதனைச் ‘சர்வாங்க தகனபலி’ என்று பெயர்த்தது. கிரேக்கச் சொல் ‘முழுதும் எரிந்தது’ என்னும் அளவில் நிற்க, தமிழ் வழக்கு ‘அங்கம்’ என்னும் சொல்லை உள்ளே வைத்து, உறுப்பு ஒவ்வொன்றையும் நினைக்கச் செய்கின்றது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தனரோ, வழக்கினின்று எளிதில் எடுத்தனரோ, எவ்வாறாயினும் ஒரு தமிழ்க் கிறித்தவப் புலவனுக்கு அச்சொல் ஒரு கதவைத் திறந்துவிட்டது. தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, கால் என உறுப்புகளை முறையே விளித்து வழிபாட்டில் ஏவும் அப்பரின் திருஅங்கமாலையைப் பயின்ற நாட்டில் ‘சர்வாங்கம்’ என்னும் சொல் பலிபீடத்தோடு அமையாது. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரமும் சரீரங்களையே உயிருள்ள பலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, அதனையே புத்தியுள்ள ஆராதனை என்கின்றது. உடலும் புத்தியும் அங்கே ஒரு தொடரில் இணைந்து நிற்கின்றன.

இனி நூலுக்கு வருவோம். கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். தமிழாசிரியராகச் சாயர்புரத்தில் பணிபுரிந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதை தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் உரைநடையாகவும் வழங்குவது. அதனைத் தழுவி இவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூல்வடிவம் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாய், மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களால் ஆகியது. 1900இல் புலவர் மறைந்தார். அதாவது, வைணவனாய்ப் பிறந்து முப்பதாண்டு அம்மரபில் ஊறிய ஒருவர், அதனின்று நீங்கி முப்பத்தைந்தாண்டுக்குமேல் கழித்து, தாம் நீங்கிய மரபின் யாப்பிலும் அணியிலும் தம் புதிய பற்றைப் பாடி முடித்தார்.

பனியன் பிளவுபட்ட உள்ளத்தை வரைவதில் ஈடற்றவன். சேற்றில் கால்வைத்தவுடன் வந்தவழியே திரும்பும் இளகிய உள்ளத்தான் ஒருவன். வாயளவில் வேதம் பேசி இல்லத்தில் அறம் துறந்த வாயாடி ஒருவன். சமயம் வெள்ளிச் செருப்பணிந்து வெயிலில் நடக்கும் பொழுது மட்டும் அதனோடு கூட நடக்க இசையும் தன்னலத்தான் ஒருவன். இத்தன்னலத்தானின் உறவினருள் ‘இருபுறமும் நோக்குவான்’ என்று ஒருவனையும் பனியன் போகிற போக்கில் பெயர்மட்டும் சொல்லி வைத்தான். பெயரே ஒரு சிறுகதை. இவ்வாறு அரைநெஞ்சரை நிரல்பட நிறுத்தி, அவரல்லாதானே முழுநெஞ்சன் என்று உணர்த்துவது பனியன் முறை. முழுமை அவனிடத்தில் எதிர்மறையால் பெறப்படுகின்றது. பயணி பாடுவதும் உண்டு. ஆனால் அவன் பாட்டுக்கள் சிலவடிகளே. சிலுவையின்முன் சுமை அவிழ்ந்து வீழ்ந்தபோது, கண்ணீர் சொரிந்து, மும்முறை துள்ளிக் குதித்து, ஒரு சிறு பாட்டுப் பாடிக்கொண்டே மேலே நடக்கின்றான். வழி நெடியது; நிற்க நேரமில்லை.

கிருஷ்ணபிள்ளையின் நூலில் காப்பியம் நிற்கின்றது. இதுவே நான் வற்புறுத்த விரும்புவது. கதை ஓட்டத்தினிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரால் இசைப்பாடல்கள் அமைந்துள்ளன. அவை 144 என்பர். காப்பியச் செய்யுளினின்று பதிக யாப்புக்கு மாறும் அவ்விடங்களைச் சிலர் இடைப்பிறவரல் என்றும், புலவர் தம் பக்திப் பெருக்கால் கதைநெறி பிறழ்ந்தார் என்றும் கருதுவர். கம்பனை அளவுகோலாகக் கொண்டால் அவ்வாறுதான் தோன்றும். கம்பன் காப்பியத்தைப் பதிகத்துக்காக நிறுத்துபவன் அல்லன். ஆனால் அளவுகோலை மாற்றிப் பார்ப்போமாயின், எது நூலின் குறை எனப்பட்டதோ அதுவே அதன் அச்சாணி என்பது புலப்படும். பயணம் கடவுளை நோக்கிச் செல்வது. வழிபாடு கடவுள்முன் நிற்பது. இவ்விரண்டையும் ஒரு நூலில் வைக்கவேண்டுமாயின் யாப்பே மாறியாகவேண்டும்.

பதிகத்தின் ‘யான்’ வேறுவகைப்பட்டது. காப்பியத்தில் பேசுவோன் பெயர் பெற்றவன். அவன் செயல் அவனுக்கே உரியது. பதிகத்தில் ‘யான்’ என்று பேசுவோன் பயணியோ புலவனோ எனப் பிரித்தறிதல் அரிது. பாடலைத் தம் வாயால் பாடும் எவர்க்கும் அந்த ‘யான்’ உரியதாகிவிடும். பனியனைப் படிப்போன் பயணியைக் காண்கின்றான். அவனுக்காக அஞ்சுகின்றான், மகிழ்கின்றான். இத்தேவாரத்தைப் பாடுவோன் அவ்விடத்தில் தானே நிற்கின்றான். கூப்பும் கையும் கசியும் கண்ணும் வாழ்த்தும் நாவும் பதிக மரபில் அணிகள் அல்ல; வழிபாட்டின் கருவிகள். ‘சர்வாங்கம்’ என்னும் சொல்லின் பொருள் இங்கே நிறைவேறுகின்றது. முழுநெஞ்சு என்பது பனியனிடம் உறுதிப்பாடாக இருந்தது. கிருஷ்ணபிள்ளையிடம் அது உறுப்புகள்தோறும் பரவிய ஒரு செயலாகின்றது.

இரண்டாவது பெருமாற்றம், கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலமாக விரித்துரைத்தது. பனியன் கதையில் அவ்விரிவு இல்லை. அவன் படிப்போர் அதனை மனப்பாடமாக அறிந்தவர் ஆதலின் சிலுவை என்னும் ஒரு சொல்லே அவனுக்குப் போதுமானதாயிற்று. தமிழ்ப் புலவர் அவ்வாறு விடவில்லை. விசாரணை, நகைப்பு, கசையடி, சுமந்து செல்லல் என ஒவ்வொன்றையும் கண்முன் நிறுத்துகின்றார். இவ்விடத்தைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கொண்டு நோக்குதல் பயன்தரும். உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்பட்டுக் காண்போர்க்கும் புலனாவது மெய்ப்பாடு. அழுகைக்கு நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இவை தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டு என உரையாசிரியர் வகுப்பர். பாடுகளின் படலத்தில் நான்கும் ஒருவன்பால் ஒருங்கே குவிகின்றன: இகழப்படுதல், நட்டோரை இழத்தல், உடல் தளர்தல், உடுத்த ஆடையும் இன்றி நிற்றல். எல்லாம் பிறன்கண் தோன்றியவை. ஆனால் பாடுவோன் அவற்றைத் தன் பிழையால் நேர்ந்தன என்று அறியுந்தோறும், பிறன்கண் தோன்றிய அவலம் தன்கண் தோன்றியதாக மாறுகின்றது. மெய்ப்பாட்டு இலக்கணம் இரண்டாகப் பிரித்ததை இப்படலம் ஒன்றாக்கிக் காட்டுகின்றது. கிறித்தவச் சமயக்கொள்கையின் நடுநிலையான பதிலீட்டுக் கருத்தை, வாதத்தால் நிறுவாமல் அழுகையின் இயல்பால் உணர்த்திய இடம் இது. தமிழில் இதற்கு ஒப்பான இடங்கள் சிலவே.

இனித் தடை ஒன்று. முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பாடஞ்சொன்ன ஒருகால், மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நெஞ்சு முழுவதையும் கொடுத்தவர் பழைய மொழியை ஏன் வைத்துக்கொண்டார்? ஆழ்வார்களின் உருக்கமும் கம்பனின் நடையும் அவரை விட்டு நீங்கவில்லையே. அப்படியானால் அந்நெஞ்சம் இரண்டாகத்தானே இருந்தது?” என்றார். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று அது. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ‘உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு’ என்னும் வழக்கமான விடைதான் கூறினேன். பக்திப் பாடலில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் அவ்வாறு கூறுபோட இயலாது என்பதை அவ்வினாவே காட்டுகின்றது. இன்று வேறுவிதமாகக் கூறுவேன். எண்பத்தாறாம் சங்கீதத்தில், இருதயத்தை ஒருமுகப்படுத்துமாறு கடவுளிடத்தில் ஒரு வேண்டுதல் வருகின்றது. எபிரேய வினை ‘ஒன்றாக்கு’ என்னும் பொருளது. சிதறியதை ஒன்றாக்க வேண்டுமேயன்றிச் சிதறியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை எறிக என்று அவ்வேண்டுதல் கூறவில்லை. தமக்குரிய மிகச் சிறந்த பொருளாகிய செய்யுட்புலமையைக் கிருஷ்ணபிள்ளை வெளியே நிறுத்திவிட்டு வந்திருப்பாரானால், அதுவே அரைக்கொடை ஆகியிருக்கும். உபாகமம் மூன்றாவதாகக் கேட்ட ‘மிகுதி’ அவர்க்கு அப்புலமைதான். வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடி, சீயோன் மகளைத் தேவமோகினி என்னும் தலைவியாக்கிப் பெத்லகேம் நாதர்மேல் காதல்கொள்ள வைத்ததும் இத்தன்மைத்தே. ஆனால் சாஸ்திரியார் கிறித்தவக் குடியில் பிறந்தவர். குறவஞ்சி அவர் எடுத்தாண்ட ஒரு கலைவடிவம். கிருஷ்ணபிள்ளைக்கோ அது தாம் முன்பு வழிபட்ட மொழி. அவர் கொடுத்ததன் விலை பெரிது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. உருவகக் கதை என்பதனால் பண்புகளே பாத்திரங்களாய் வந்து நெடிதுரையாடும் இடங்களில் காப்பியம் வெப்பம் இழக்கின்றது. பனியனுடைய தெருப்பேச்சு அவ்வுரையாடல்களுக்கு உயிரூட்டியது. சிறைக்கூடத்து எளியவன் ஒருவன் தன் ஊராரைப் பேரிட்டு நகைக்கும் குரல் அது. விருத்தம் அக்குரலைத் தாங்குவதில்லை. தன்னலத்தான் போன்றோர் தமிழில் வரும்பொழுது மெருகேறிச் சிலையாகிவிடுகின்றனர். சமயக் கலைச்சொற்கள் அடுக்கி வரும் செய்யுட்கள் சிலவும் உரைநடையாகவே இருந்திருக்கலாம். முழுநெஞ்சைப் பற்றிப் பேசும் இடங்கள் இவை. முழுநெஞ்சு பேசும் இடங்கள் வேறு.

இதனினும் ஆழ்ந்த இடர்ப்பாடு ஒன்று உளது. அது சமயப்பொருளையே தொடுவது. மாற்கு நற்செய்தியில் முதற்கட்டளையோடு அமையாது இரண்டாவதும் சொல்லப்படுகின்றது: தன்னைப்போல் பிறனை நேசித்தல். அங்கு இயேசுவோடு உரையாடிய வேதபாரகன், இவ்விரண்டும் சர்வாங்க தகனத்தினும் ஏனைய பலிகளினும் மேலானவை என்று கூறுகின்றான். நாம் மேலே பெரிதும் போற்றிய சொல் இவ்விடத்தில் ஒரு படி கீழே இறக்கப்படுகின்றது. முழுதும் எரிந்தாலும், அருகில் நிற்பவனுக்குப் பங்கில்லையேல் அப்பலி நிறைவுறாது. இவ்வளவுகோலால் பயணக் கதையை நோக்கின் உடனே ஓர் ஐயம் எழுகின்றது. பனியனின் பயணி புறப்படும்போது மனைவியும் மக்களும் கதறி அழைக்கின்றனர். அவன் விரல்களால் செவியைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். அக்கதையை ஏற்ற தமிழ்க் காப்பியம் அப்பிரிவையும் ஏற்றுக்கொள்கின்றது. தமிழ் இலக்கியத்தில் இது புதிதன்று. இல்லம் துறந்த அடியாரும் துறவியரும் நமக்குப் பலர். ஆயினும் பிரிவைத் தனித்திணையாக வகுத்துப் பாடிய மொழியில், பிரியப்பட்டவர் பக்கம் ஒரு செய்யுளாவது நின்று கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறன்று. தேவாரத்துக்காகக் கதையை நிறுத்திய புலவர், இங்கு நிறுத்தவில்லை.

அதே அதிகாரத்தின் இறுதியில் ஏழைக் கைம்பெண் ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசு இடுகின்றாள். கட்டளையில் ‘முழு’ என்று நான்குமுறை வந்த கிரேக்கச் சொல், அவள் தன் பிழைப்பு முழுவதையும் இட்டாள் என்று கூறும் அவ்விறுதித் தொடரில் மீண்டும் வருகின்றது. மொழிபெயர்ப்பில் இத்தொடர்பு மங்கிவிடுவதால் இதனைச் சுட்டவேண்டியுள்ளது. முழுமைக்கு விவிலியம் அவ்வதிகாரத்தில் காட்டும் மாந்தரில், வினாவிய வேதபாரகன் இராச்சியத்துக்குத் தூரமானவன் அல்லன் என்னும் அளவில் நின்றுவிட, அதனைச் செய்துகாட்டியவளோ பெயரற்றவள். அவள் பாடவில்லை, பயணம் போகவுமில்லை. அவளைப் போன்ற ஒருவர்க்கு இரட்சணிய யாத்திரிகத்தில் இடம் எங்கே என்று தேடினேன். வீர அடியார்க்கும் சான்றாக உயிர்நீத்த நிதானிக்கும் இடம் உண்டு. காப்பிய இலக்கணம் தன்னிகரற்ற தலைவனைக் கேட்கின்றது. இரு காசுக்காரியை அது கேட்பதில்லை. இக்குறை கிருஷ்ணபிள்ளையுடையது மட்டுமன்று. காப்பியம் என்னும் வடிவத்தைத் தேர்ந்ததால் வந்து சேர்ந்ததுமாகும்.

பனியன் இக்குறையை உணர்ந்தான் போலும். 1684இல் அவன் வெளியிட்ட இரண்டாம் பகுதியில் பயணியின் மனைவியும் நான்கு மைந்தரும் அவ்வழியே புறப்படுகின்றனர். அவர்கள் விரைவதில்லை, நொண்டியும் மெலிந்தோரும் வழியில் சேர்ந்துகொள்ள, ஒருவரையொருவர் தாங்கி நடக்கின்றனர். அது தலைவன் இல்லாத கூட்டத்தின் கதை. தமிழ்ப் புலவர் தழுவியது முதற்பகுதியை. இரண்டாம் பகுதியைப் பாடப் புகுந்திருப்பாராயின் அவருக்குக் கம்பன் துணைபுரிந்திருக்கமாட்டான். பள்ளோ குறவஞ்சியோ துணைசெய்திருக்கலாம்.